துண்டு துண்டாய் ஓர் அரசன்

2025 மார்ச்சில் லெகோ நிறுவனம் ஒரு பெரிய பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்டியின் எண் 76968. உள்ளே 3,145 துண்டுகள். அவ்வளவையும் பொறுமையாக மாட்டி முடித்தால் டைரனோசாரஸ் ரெக்ஸின் எலும்புக்கூடு மேசைமேல் எழுந்து நிற்கும். மூக்கு முதல் வால் நுனி வரை ஒரு மீட்டரைத் தாண்டும் நீளம். அசல் விலங்கில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதன் காலடியில் கட்டைவிரலைவிடச் சின்னதாக இரண்டு பொம்மை மனிதர்கள்: 'ஜுராசிக் பார்க்' படத்தின் ஆலன் கிராண்ட், எல்லி சாட்லர். பெட்டியின் ஓரத்தில் 18+ என்று அச்சிட்டிருக்கிறது. குழந்தைகள் மோதி விளையாடும் டைனோசர் இல்லை இது. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கென்று பெரியவர்கள் வாங்குவது.

இப்படி ஒரு பொருள் பிறந்த கதையை வடிவமைப்பாளரின் மேசையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். இதற்கு அது போதாது. டி-ரெக்ஸ் என்ற விலங்கு மனிதர் கண்ணில் பட்ட நாள் முதலே துண்டுகளாகத்தான் வந்து சேர்ந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து மாட்டினார். கிடைக்காத துண்டுக்குப் பதிலாக வேறொன்றைச் செய்து மாட்டினார். தப்பாக மாட்டியதைப் பல ஆண்டுகள் கழித்து இன்னொருவர் கழற்றித் திருத்தினார். டென்மார்க்கிலிருந்து வந்திருக்கும் இந்தப் பெட்டியை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

1902-இல் பார்னம் பிரவுன் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெல் கிரீக் என்னும் வறண்ட மேட்டுப் பகுதியில் தோண்டிக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக எலும்பு தேடுவது அவர் வேலை. கடினமான மணற்பாறைக்குள் ஒரு பெரிய ஊனுண்ணியின் இடுப்பும் காலும் தாடைத் துண்டுகளும் அகப்பட்டன. பாறையை உடைத்து, எலும்புகளுக்குப் பிளாஸ்டர் கட்டுப் போட்டு, குதிரை வண்டியில் ஏற்றி ரயிலடி வரை கொண்டுபோய் நியூயார்க் அனுப்பினார்கள். 1905-இல் அருங்காட்சியகத்தின் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் அதற்குப் பெயர் வைத்தார்: கொடுங்கோல் பல்லி, அதிலும் அரசன். அதே கட்டுரையில், பிரவுன் 1900-இல் வயோமிங்கில் எடுத்திருந்த எலும்புகளை வேறொரு விலங்கு என்று எண்ணி டைனமோசாரஸ் என்று தனியாக ஒரு பெயரும் கொடுத்திருந்தார். இரண்டும் ஒன்றே என்று அடுத்த ஆண்டே தெரிந்துபோனது. கட்டுரையில் எந்தப் பெயர் முன்னால் வந்ததோ அது நிலைத்தது. பக்கம் மாறியிருந்தால் இன்று குழந்தைகள் வாயில் 'டி-ரெக்ஸ்' என்ற சொல்லே இருந்திருக்காது.

1908-இல் அதே மொன்டானாவில் பிரவுனுக்கு இன்னொன்று கிடைத்தது. இது முன்னதைவிடப் பல மடங்கு முழுமையானது. அருங்காட்சியகப் பதிவேட்டில் ஏஎம் 5027 என்று பெயர். தலை ஏறத்தாழ அப்படியே இருந்தது. கழுத்து, முதுகெலும்பு, விலா, இடுப்பு, வாலின் முன்பகுதி எல்லாம் இருந்தன. கைகால் இல்லை. முதலில் கிடைத்ததற்குப் பின்னங்கால் இருந்தது. அதைப் பார்த்து வார்ப்பு எடுத்து இதற்குப் பொருத்தினார்கள். இரண்டிலும் முன்கையின் விரல்கள் கிடைக்கவில்லை. ஆகவே வேறு ஊனுண்ணி டைனோசர்களின் கையை மனத்தில் வைத்து மூன்று விரல் செய்து மாட்டினார்கள். உலகம் முதன்முதலில் பார்த்த முழு டி-ரெக்ஸ் அப்படி ஒட்டுப்போட்டு உருவானது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தில் நாம் நிமிர்ந்து பார்க்கும் பெரிய எலும்புக்கூடுகளில் வார்ப்போ ஊகமோ கலக்காதது அரிது. அந்த ஊகத்துக்குப் பின்னால் ஒரு கைத்தொழில் இருக்கிறது. அதைச் செய்த கைகளின் பெயர் வெளியே தெரிவதில்லை.

அப்படித் தெரியாமல் போன ஒருவர் எர்வின் கிறிஸ்ட்மேன். அருங்காட்சியகத்தின் ஓவியர், சிற்பி. எலும்புகளைக் கூடத்தில் எப்படி நிறுத்துவது என்ற கேள்வி வந்தபோது ஆஸ்போர்னுக்கு ஒரு துணிச்சலான எண்ணம் இருந்தது: ஓர் இரையை நடுவில் போட்டு, இரண்டு டி-ரெக்ஸ்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பது போல வைக்க வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள கல்லெலும்பை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க முடியாது. ஆகவே கிறிஸ்ட்மேன் இரண்டு சிறிய எலும்புக்கூடுகளைச் செய்தார், அசலில் ஆறில் ஒரு பங்கு அளவில். மூட்டுகள் அசையும். கழுத்தை வளைக்கலாம், காலை மடக்கலாம். இந்த விலங்கு எப்படிக் குனிந்திருக்கும், எப்படி எழுந்திருக்கும் என்று கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்கள். நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனவற்றைப் பார்த்துக்கொண்ட ரேமண்ட் டிட்மார்ஸும் உடனிருந்து யோசனை சொன்னார். 1913-இல் ஆஸ்போர்ன் அந்த மாதிரிகளைப் பற்றி எழுதி வெளியிட்டார்.

அந்த இரட்டைக் காட்சி நிறைவேறவில்லை. 1915-இல் ஒரே ஒரு டி-ரெக்ஸ் மட்டும், வாலைத் தரையில் ஊன்றி, மார்பை நிமிர்த்தி, கங்காரு நிற்பது போல நின்றது. ஆனால் கிறிஸ்ட்மேன் செய்த அந்தச் சிறிய, மூட்டுள்ள எலும்புக்கூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது திரும்பத் திரும்ப வரும்.

எழுபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி வருகிறேன். 1990-இல் மைக்கேல் கிரைட்டனின் 'ஜுராசிக் பார்க்' நாவலை க்னாப்ஃப் பதிப்பகம் வெளியிட்டது. அட்டை வடிவமைக்கும் பொறுப்பு சிப் கிட் என்ற இளைஞருக்கு. டைனோசரைத் தோலும் சதையுமாக வரைந்தால் அது யாரோ ஒருவருடைய கற்பனையாகிவிடும். நாவலிலோ விலங்குகளை மறுபடி உருவாக்குகிறார்கள். எலும்பையே காட்டுவோம் என்று அவர் முடிவு செய்தார். நேரே அந்த நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கிருந்த கடையில் ஒரு புத்தகம் வாங்கினார். அதில் டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டின் வரைபடம் ஒன்று இருந்தது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, மைப்பேனாவால் எலும்பு எலும்பாகத் தடவி நிரப்பினார். நிரப்ப நிரப்ப அது பாதி எலும்பாகவும் பாதி நிழலாகவும் மாறியது. அட்டை தயார். நாவலைப் படமாக்கிய நிறுவனம் அந்த உருவத்தின் உரிமையை வாங்கி வட்டத்துக்குள் வைத்தது. கார்க் கதவில், பூங்காப் பணியாளரின் சட்டையில், சுவரொட்டியில், உலகின் அத்தனை தெருக்களிலும் அது போய் ஒட்டிக்கொண்டது. சுவரொட்டியில் தோலுள்ள டைனோசரே கிடையாது. ஓர் எலும்புக்கூட்டின் நிழலை மட்டும் காட்டி உலகம் முழுவதையும் திரையரங்குக்கு இழுத்த படம் அது.

படத்துக்குள்ளும் எலும்புக்கூடுதான் முதலில் நடந்தது. இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தொடக்கத்தில் கணினியை நம்பியிருக்கவில்லை. நெருக்கக் காட்சிகளுக்கு ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்யும் முழு அளவு இயந்திர டைனோசர். தூரக் காட்சிகளுக்கு ஃபில் டிப்பெட்டின் சிறிய பொம்மைகளை ஒவ்வொரு சட்டகமாக அசைத்துப் படமெடுப்பது. இதுதான் திட்டம். இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்னும் காட்சி விளைவு நிறுவனத்தில் ஸ்டீவ் வில்லியம்ஸ் என்ற கலைஞர், யாரும் கேட்காமலே, கணினியில் ஒரு டி-ரெக்ஸின் எலும்புகளை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கி, கோத்து, நடக்க விட்டார். தோல் இல்லை, சதை இல்லை. வெறும் எலும்பு, திரையில் நடந்து போனது. தயாரிப்பாளர்கள் வந்த நாளில் அது அவர்கள் கண்ணில் படும்படி திரையில் ஓடிக்கொண்டிருந்தது. திட்டம் அன்றோடு மாறிப்போனது.

டிப்பெட்டுக்கு அது பேரிடி. தன் தொழிலே அற்றுப்போய்விட்டது என்ற பொருளில் அவர் சொன்ன வார்த்தையை ஸ்பீல்பெர்க் வசனமாகவே படத்தில் சேர்த்துக்கொண்டார். ஆனால் அவரை அனுப்பிவிடவில்லை. விலங்கின் நடை, நிறை, தயக்கம், திரும்பும் விதம் எல்லாம் தெரிந்தவர் அவர்தான். கணினிக்காரர்களுக்கு மென்பொருள் தெரியும். டிப்பெட்டின் ஆட்களுக்குப் பொம்மையைக் கையால் பிடித்து அசைக்கத் தெரியும். இரண்டையும் சேர்க்க ஒரு கருவி செய்தார்கள். உலோகத்தால் ஆன சிறிய டைனோசர் எலும்புக்கூடு. ஒவ்வொரு மூட்டிலும் ஓர் உணர்வி. பழைய பாணியிலேயே கையால் வளைத்தால், அந்த வளைவு கணினிக்குள் இருக்கும் டைனோசருக்குப் போய்ச் சேரும். படத்தின் சில காட்சிகள் அப்படித்தான் உருவாயின.

கிறிஸ்ட்மேனின் மாதிரி ஞாபகம் வருகிறதா? எண்பது ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு குழுக்கள், ஒரே கேள்விக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றன. இந்த விலங்கு எப்படி நின்றது என்று தெரிய வேண்டுமா? மூட்டுள்ள சிறிய எலும்புக்கூடு ஒன்று செய்து கையில் பிடித்துத் திருப்பிப் பார்.

மற்றபடி படம் எடுத்த கதை பலருக்கும் தெரிந்ததே. ஆனாலும் டி-ரெக்ஸ் வேலியைத் தாண்டி வரும் அந்த மழைக் காட்சியை விட்டுப்போக மனம் வரவில்லை. பர்பாங்கில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் 16-ஆம் அரங்கில் செயற்கை மழையைப் பொழிய விட்டு, வின்ஸ்டனின் சுமார் 12 மீட்டர் நீள இயந்திர டி-ரெக்ஸை நிறுத்தினார்கள். அதன் நுரைத் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. கணக்குப் போட்ட எடை மாறியதும் பெரும் இயந்திரம் தன்னால் நடுங்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் துண்டால் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் அடுத்த ஷாட். காரில் இருக்கும் கோப்பைத் தண்ணீரில் வட்ட அலை எழுவதற்கு, கீழே ஒரு கிதார்த் தந்தியைக் கட்டி மீட்டினார்கள். கர்ஜனைக்குக் குட்டி யானை, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களை ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் ஒன்றாக இழைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் டைனோசர்கள் திரையில் தெரிவது கால் மணி நேர அளவுக்குத்தான். அந்தச் சிக்கனம்தான் அவற்றைப் பெரிதாக்கியது என்று நினைக்கிறேன்.

முடிவுக் காட்சி நடப்பது பூங்காவின் வரவேற்பு மண்டபத்தில். நடுவே கம்பிகளில் தொங்கும் டைனோசர் எலும்புக்கூடுகள். அவற்றில் ஒன்று டி-ரெக்ஸ். முதலில் எழுதிய முடிவில் உயிருள்ள டி-ரெக்ஸ் திரும்பி வருவதே இல்லை. படப்பிடிப்பின்போதுதான் ஸ்பீல்பெர்க்குக்கு அது தோன்றியது: பார்வையாளர் இந்த விலங்கை இன்னொரு முறை பார்க்காமல் எழுந்து போக மாட்டார்கள். அதை உள்ளே கொண்டுவந்தார். உயிருள்ள டி-ரெக்ஸ் தன் இனத்தின் எலும்புக்கூட்டை நொறுக்கித் தள்ளிவிட்டு, அது நின்ற இடத்தில் தான் நின்று கர்ஜிக்கிறது. 1993 ஜூன் 11 அன்று படம் வெளியானது.

இனி லெகோவின் செங்கல். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் ஒரு தச்சர். 1932-இல், பொருளாதார மந்தத்தில் வீடு கட்டும் வேலை கிடைக்காமல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்னும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் ஒன்றை வாங்கினார். தச்சர் ஒருவர் பெரும் பணத்தைப் பிளாஸ்டிக்கில் போடுவது அன்றைக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். 1949-இல் வந்த முதல் செங்கற்கள் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் ஹிலரி ஃபிஷர் பேஜ் தன் கிட்டிகிராஃப்ட் நிறுவனத்தின் வழியாக அப்படிப்பட்ட செங்கல்லை முன்பே செய்திருந்தார். அதைப் பார்த்துத்தான் லெகோ தொடங்கியது. பேஜ் 1957-இல் இறந்தார். இந்தப் பொம்மையைப் பற்றி எழுதுபவர்கள் அவர் பெயரை ஒரு முறையாவது சொல்ல வேண்டும்.

அந்த முதல் செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், ஆனால் பிடிக்காது. கட்டியதைத் தூக்கினால் சிதறும். ஓலே கிர்க்கின் மகன் காட்ஃபிரெட் அதற்கு வழி கண்டார். செங்கல்லின் வயிற்றுக்குள் வெற்றிடமாக இருந்த இடத்தில் சிறு குழாய்களை வைத்தார். கீழ்ச் செங்கல்லின் குமிழ்கள் மேல் செங்கல்லின் குழாய்க்கும் சுவருக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். மூன்று பக்கமும் அழுத்தம். கவ்வும், ஆனால் குழந்தையின் கையால் பிரிக்கவும் முடியும். 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டே ஓலே கிர்க் காலமானார். 1963-இல் பழைய பிளாஸ்டிக்கை மாற்றி ஏபிஎஸ் என்னும் உறுதியான வகைக்கு வந்தார்கள். அன்று வார்த்த செங்கல் இன்று வாங்கும் செங்கல்லோடு பொருந்தும். எட்டுக் குமிழ்ச் செங்கல் ஆறு இருந்தால் போதும், அவற்றை 91 கோடிக்கு மேற்பட்ட விதங்களில் சேர்க்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

(பிளாஸ்டிக் டைனோசர் உண்மையில் டைனோசரால் ஆனது என்று ஒரு பேச்சு உண்டு, எண்ணெய் டைனோசரிலிருந்து வந்தது என்ற நம்பிக்கையின் தொடர்ச்சி அது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. பெட்ரோலியத்தின் பெரும்பகுதி கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் அடியில் படிந்து உண்டானது.)

செங்கல்லும் 'ஜுராசிக் பார்க்' படமும் சந்தித்தது உடனே நடக்கவில்லை. முதல் படம் வெளியான காலத்தில் லெகோ வெளியார் கதைகளை வாங்கிப் பொம்மை செய்ததில்லை. 1999-இல் 'ஸ்டார் வார்ஸ்' அந்தக் கதவைத் திறந்தது. மறு ஆண்டு ஸ்பீல்பெர்க் பெயரிலேயே ஒரு பெட்டி வந்தது. அதில் கேமரா இருந்தது, செங்கல் அரங்கமைத்துக் குழந்தைகள் தாங்களே குறும்படம் எடுக்கலாம். 2001-இல் 'ஜுராசிக் பார்க்' மூன்றாம் படத்தை ஒட்டி, படப்பிடிப்புத் தளம் போன்ற இரண்டு சிறு பெட்டிகள் வந்தன. அதன்பின் நீண்ட இடைவெளி. 2015-இல் 'ஜுராசிக் வேர்ல்ட்' வந்தபோது டைனோசர்களும் பெட்டி பெட்டியாக வந்தன. அவற்றின் உடல் முன்பே வார்த்த பெரிய துண்டுகள். தலையையும் காலையும் செருகினால் முடிந்தது. குழந்தை விளையாட அதுதான் சரி. ஆனால் கட்டுகிற இன்பம் அந்த டைனோசரில் இல்லை, சுற்றியிருக்கும் வண்டியிலும் வேலியிலும்தான் இருந்தது.

1993-இல் திரையரங்கில் வாய்பிளந்து உட்கார்ந்திருந்த குழந்தைகள் இதற்குள் வளர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2019 அவர்களுக்கான ஆண்டு. பூங்காவின் பெரிய வாயிற்கதவும், செங்கல் செங்கலாகக் கட்டும் டி-ரெக்ஸும் சேர்ந்த 75936 என்ற பெட்டி வந்தது, 3,120 துண்டுகள். கதவின் பின்பக்கம் படத்தின் அறைகளைச் சின்னச் சின்ன மாடங்களாக வைத்திருந்தார்கள். அந்த டி-ரெக்ஸுக்கு வார்த்த உடல் கிடையாது. தோலின் ஒவ்வொரு சரிவையும் கட்ட வேண்டும். அதே ஆண்டில், படத்தோடு தொடர்பில்லாமல், இன்னொன்று வந்தது: ரசிகர் ஒருவர் அனுப்பிய யோசனையிலிருந்து லெகோ உருவாக்கிய புதைபடிவப் பெட்டி, எண் 21320. 910 துண்டுகளில் மூன்று எலும்புக்கூடுகள், முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில். அருங்காட்சியகக் கூடத்தைச் சுருக்கி வீட்டு அலமாரியில் வைத்தது அது.

இந்த இரண்டு ஓடைகளும் சேர்ந்துதான் 76968 ஆனது என்பது என் வாசிப்பு. நடுவில் 2022-இல் மழைக் காட்சி 1,212 துண்டுகளில் வந்தது. இரண்டு கார்கள், அறுந்த வேலி, வேலியைத் தாண்டி வரும் விலங்கு. அடுத்த ஆண்டு, படத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவில், வரவேற்பு மண்டபமே வந்தது. 2024-இல் டி-ரெக்ஸின் தலை எலும்பு மட்டும் 577 துண்டுகளில் வந்தது. தலை நன்றாக விற்றால் உடலும் வரும் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள்; மறு ஆண்டே வந்தது.

எலும்புக்கூட்டைச் செங்கல்லால் கட்டுவது தோலுள்ள விலங்கைக் கட்டுவதைவிடக் கடினம். தோலுள்ள உருவத்துக்கு உள்ளே இடம் இருக்கும். வேண்டிய அளவு செங்கல்லை அடுக்கி வலுவாக்கி, வெளியே மூடிவிடலாம். எலும்புக்கூட்டில் ஒளித்துவைக்க இடமே கிடையாது. விலாவுக்கு இடையே வெளிச்சம் தெரிய வேண்டும். முதுகெலும்பு ஒல்லியாக, நீளமாக, இரண்டு கால் மேல் தராசுக்கோல் போல நிற்க வேண்டும். முன்னே கனமான தலை, பின்னே நீண்ட வால். இந்தக் கணக்கை உயிருள்ள விலங்கு தசையால் தீர்த்தது. நியூயார்க் அருங்காட்சியகம் இரும்புச் சட்டத்தால் தீர்த்தது. படத்தில் மேலிருந்து கம்பி போட்டுத் தொங்கவிட்டார்கள். லெகோவோ முதுகுத்தண்டின் நடுவே துளையுள்ள டெக்னிக் என்னும் வகைக் கட்டைகளை ஓட்டி, ஆணிகளால் இணைத்து, கீழே பீடத்திலிருந்து தாங்குகோல் கொடுத்துத் தீர்க்கிறது. எலும்பு என்று வெளியே தெரிபவை அந்தத் தண்டின்மேல் பூட்டியவை. தலை, கை, வால் எல்லாம் அசையும். உங்களுக்குப் பிடித்தபடி திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

கிறிஸ்ட்மேனின் மாதிரி ஆறில் ஒன்று, இது பன்னிரண்டில் ஒன்று; சரிபாதி. 1913-இல் ஓர் அருங்காட்சியகத் தலைவரும் அவர் உதவியாளர்களும் மட்டும் கையில் எடுத்துப் பார்த்ததை, டிப்பெட்டின் ஆட்கள் ஒரு ஸ்டுடியோவுக்குள் மட்டும் வைத்திருந்ததை, இப்போது சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு பள்ளி ஆசிரியையோ வங்கி ஊழியரோ திருப்பிப் பார்க்கிறார். கழுத்தை இப்படிச் சாய்த்தால் வால் எங்கே போக வேண்டும் என்று தானே கண்டுபிடிக்கிறார். இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

2025-இல் வெளியானபோது அமெரிக்காவில் இதன் விலை ஏறத்தாழ 250 டாலர். மலிவு என்று சொல்லவில்லை. ஆனால் அசலுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1990-இல் தெற்கு டகோட்டாவில் கண்டெடுத்த 'சூ' என்ற டி-ரெக்ஸ் 1997-இல் ஏலத்தில் 83 லட்சம் டாலருக்கு மேல் போனது. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் பெரிய நிறுவனங்களின் உதவியோடு அதை வாங்கியதால் மக்கள் பார்க்கக் கிடைத்தது. 2020-இல் 'ஸ்டான்' 3 கோடியே 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனபோது வாங்கியவர் யார் என்றே தெரியவில்லை. அது அபுதாபியில் அமையவிருந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறது என்று 2022-இல்தான் வெளியே வந்தது. அதுவரை தொல்லுயிரியலாளர்கள் பட்ட கவலை நியாயமானது. தனியார் வீட்டுக்கூடத்துக்குள் போன எலும்பை ஆராய்ச்சியாளர் அளக்க முடியாது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க முடியாது. சேகரிப்பவரின் ஆசை பிளாஸ்டிக் எலும்போடு நிற்குமானால் நான் மகிழ்ச்சியோடு வரவேற்பேன்.

அந்த இரண்டு பொம்மை மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் வரும் எத்தனையோ பேரில் கிராண்ட்டையும் எல்லியையும் தேர்ந்தெடுத்தது பொருத்தம். இருவரும் எலும்பு தோண்டுகிறவர்கள். படத்தில் நாம் அவர்களை முதலில் சந்திப்பதும் மொன்டானாவில், ஒரு புதைபடிவத்தின்மேல் தூரிகையோடு குனிந்திருக்கும்போது. கிராண்ட் பாத்திரத்துக்கு ஓரளவு முன்மாதிரியாகவும் படத்துக்கு ஆலோசகராகவும் இருந்த ஜாக் ஹார்னர் மொன்டானாவில்தான் வேலை பார்த்தார். பார்னம் பிரவுன் தோண்டிய அதே மாநிலம்.

ஆனால் அளவு பொருந்தாது. லெகோ மனிதரின் உயரம் 4 சென்டிமீட்டர். சராசரி மனிதரைவிடச் சுமார் நாற்பது மடங்கு சின்னவர். எலும்புக்கூடோ பன்னிரண்டு மடங்குதான் சின்னது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தச் சின்னஞ்சிறு கிராண்ட்டின் கண்ணுக்கு எதிரே நிற்பது 40 மீட்டருக்கு மேல் நீளமுள்ள டி-ரெக்ஸ். அப்படி ஒரு டி-ரெக்ஸ் பூமியில் இருந்ததில்லை. அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் அது அவ்வளவு பெரிதாகத்தான் இருந்தது.

நியூயார்க்கில், அருங்காட்சியகத்தின் நான்காம் தளத்தில், ஏஎம் 5027 இன்றும் நிற்கிறது. நிமிர்ந்த மார்போடு 1915-இல் நிறுத்தியது தவறான நிலை என்று உறுதியானதும், 1990-களின் தொடக்கத்தில் அதை முழுவதுமாகப் பிரித்தார்கள். பழைய இரும்பை அறுத்து எடுத்தார்கள். ஒவ்வோர் எலும்பாகக் கழற்றித் துடைத்து, முதுகு தரைக்குக் கிடையாக, வால் காற்றில் நீண்டிருக்கும்படி மறுபடி கோத்தார்கள். ஹாலிவுட்டில் ஸ்பீல்பெர்க்கின் டி-ரெக்ஸ் அதே கிடை நிலையில் ஓடப் பழகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே இந்த வேலை நடந்தது. பல பத்தாண்டுகள் அந்தக் கையில் ஒட்டியிருந்த மூன்றாவது விரல் இப்போது இல்லை. 76968-ஐப் பிரித்துக் கையைக் கட்டும் பக்கத்துக்கு வாருங்கள். அங்கேயும் விரல் இரண்டுதான்.